வினாடி வினாவா, நேர்காணலா: மாலையில் மிஞ்சும் ஒரு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது?

"தொலைக்காட்சிக்கு என்னால் ஒதுக்க முடிவது நாளுக்கு ஒரு மணி நேரம்தான். வினாடி வினா, பரிசு ஆட்டம் போன்ற விளையாட்டு நிகழ்ச்சியும் பிடிக்கிறது, பேச்சு நிகழ்ச்சியும் பிடிக்கிறது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?" இதைப் பலர் பல விதமாக என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் போய் யோசிப்பதா என்று சிலருக்குத் தயக்கமும் உண்டு. நாளுக்கு ஒரு மணி என்பது ஆண்டுக்கு 365 மணி. இரவு பகலாகப் பதினைந்து நாள் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சமம். அதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்பா வினாடி வினா ரசிகர். நான்கு விடைகள் திரையில் வந்ததும் வாயைத் திறக்கமாட்டார். மற்றவர்களின் ஆட்டம் கெட்டுவிடுமாம். தொடைமேல் விரலை வைத்து ஒன்றா, இரண்டா, மூன்றா என்று காட்டுவார். அம்மாவுக்கு நேர்காணல்தான். விருந்தினர் பதில் சொல்லத் தயங்கினால் அம்மாவின் கையிலிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். இருவரும் காத்திருந்தது கேள்விக்குப் பின் வரும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான். அப்பாவின் நிகழ்ச்சியில் சரியான விடை முன்பே யாரோ ஒருவரின் கையிலுள்ள அட்டையில் இருந்தது. அம்மாவின் நிகழ்ச்சியில் அது சில வேளை விருந்தினருக்கே தெரியாது. இரண்டு வகைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே என்று நான் நினைக்கிறேன்.

எதை வைத்து எடைபோடுவது?

ஐந்து கேள்விகள் போதும். பார்க்கும் எனக்கு அதில் என்ன வேலை இருக்கிறது? நடுவில் எழுந்து போனால் எவ்வளவு இழப்பேன்? ஓராண்டு கழித்துப் பார்த்தாலும் சுவைக்குமா? தனியாகப் பார்ப்பது நல்லதா, கூட்டமாகவா? கடைசியாக, வெளியே தெரியாத செலவு என்ன? பணம், நேரம், மனம் மூன்றையும் இந்தக் கடைசிக் கேள்வியில் சேர்க்கிறேன். தேர்வில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

விளையாட்டு, பேச்சு என்று இரண்டாகப் பிரித்தால் கணக்கு சரியாக வராது. அறிவைச் சோதிக்கும் வினாடி வினாவும் பெட்டி திறக்கும் பரிசு ஆட்டமும் வேறு வேறு சுவை. இரவு நேர அரட்டைக்கும் நீண்ட நேர்காணலுக்கும் உள்ள தூரம் அதைவிட அதிகம். அதனால் நான்காகவே பார்க்கலாம்.

1. அறிவு சார்ந்த வினாடி வினா

பார்ப்பவருக்கு மிக அதிகமாக வேலை கொடுப்பது இதுதான். அந்த வேலையைத் தருவதற்கென்றே இதன் அமைப்பு செதுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் 'ஜெப்பர்டி' 1964-இல் தொடங்கியது. அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்றில் முதல் சுற்றுக்கு 30, இரண்டாவது சுற்றுக்கு 30, இறுதிக்கு ஒன்று என அதிகபட்சம் 61 குறிப்புகள். தொகுப்பாளர் படித்து முடிக்கும் வரை பஸ்ஸர் வேலை செய்யாது. அவசரப்பட்டு அழுத்தியவரின் பஸ்ஸர் கண நேரம் முடங்கிப் போகும். போட்டியாளருக்கு அது தண்டனை. வீட்டில் இருப்பவருக்கோ அது வாய்ப்பு. குறிப்பு முழுதும் திரையில் தெரிகிறது, யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த இடுக்கில்தான் நாம் ஆடுகிறோம்.

'கோடீஸ்வரர்' வகை நிகழ்ச்சி இந்த இடுக்கை அகலப்படுத்தியது. 1998-இல் பிரிட்டனில் தொடங்கிய 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' தன் முதல் வடிவத்தில் போட்டியாளருக்கு நேரக்கெடு வைக்கவில்லை. அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தவிக்கலாம். அவரோடு நாமும் தவிக்கலாம். 2000 ஜூலையில் அமிதாப் பச்சனுடன் இந்தியாவுக்கு 'கோன் பனேகா குரோர்பதி'யாக வந்தபோது, இந்தியைப் பாதி மட்டுமே புரிந்துகொண்ட வீடுகளையும் அது பிடித்துக்கொண்டதற்கு இந்தத் தவிப்பே காரணம் என்பது என் எண்ணம்.

அமெரிக்கப் பதிப்பில் 1999 நவம்பரில் ஜான் கார்பென்டர் என்பவர் பத்து லட்சம் டாலர் கேள்விக்கு வந்து சேர்ந்தார். அதுவரை ஓர் உதவியைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. ஒரு நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிய அமெரிக்க அதிபர் யார் என்பது கேள்வி. அவர் தன் அப்பாவைத் தொலைபேசியில் அழைத்தார். உதவி கேட்பதற்காக அல்ல. நான் வெல்லப் போகிறேன் என்று சொல்வதற்காக. விடை ரிச்சர்ட் நிக்சன். இந்தப் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

மறைந்திருக்கும் செலவில் முதலாவது நேரம். விளம்பர இடைவேளைக்கு முன் விடையை நிறுத்தி வைப்பதும், திரும்பி வந்தபின் நடந்ததையே மீண்டும் சொல்வதும் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் கணிசமான பங்கைத் தின்றுவிடும். குறிப்புகளை அடுக்கிக்கொண்டே போகும் அரை மணி நிகழ்ச்சி இந்த விஷயத்தில் நேர்மையானது.

இரண்டாவது செலவு, கெட்டால் முழுதும் கெடுவது. வினாடி வினா நம்பிக்கையில் நிற்கிறது. 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் 'ட்வென்டி ஒன்' போன்ற நிகழ்ச்சிகளில் விடைகள் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே தரப்பட்டது அம்பலமானது. அந்த நிகழ்ச்சியின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட சார்ல்ஸ் வான் டோரன் 1959-இல் நாடாளுமன்றக் குழுவின் முன் உண்மையை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டே இத்தகைய ஏமாற்றைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 'ஜெப்பர்டி'யில் விடையைக் கொடுத்து, அதற்கான கேள்வியைப் போட்டியாளரைச் சொல்ல வைக்கும் முறை உருவானதும் இந்த அவமானத்தின் நிழலில்தான். விடையைக் கொடுத்துவிட்டார்கள் என்பதுதானே குற்றச்சாட்டு, அதையே விதியாக்கிவிடலாமே என்பது அந்த யோசனை.

மூன்றாவது, நிகழ்ச்சிக்கு வெளியே வந்து நிற்கும் செலவு. பெரிய பரிசு நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி, உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கிறது, முதலில் வரியைக் கட்டுங்கள் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள் குறித்துக் காவல்துறையினர் எச்சரித்தபடியே இருக்கிறார்கள். கலந்துகொள்ளாத போட்டியில் யாருக்கும் பரிசு விழாது. வீட்டில் இந்நிகழ்ச்சியை ஆசையோடு பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தால், இதை அவர் அருகில் உட்கார்ந்து ஒருமுறை சொல்லிவிடுங்கள். தொலைபேசி வழிப் போட்டிகளும் அப்படித்தான். 2008-இல் பிரிட்டனின் ஐடிவி நிறுவனத்துக்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது, நேயர்கள் காசு கொடுத்துப் பங்கேற்ற தொலைபேசிப் போட்டிகளில் நடந்த முறைகேட்டுக்காகத்தான்.

2. அதிர்ஷ்டமும் பரிசும் சார்ந்த ஆட்டம்

பெட்டியைத் திறப்பது, சக்கரத்தைச் சுற்றுவது, விலையை ஊகிப்பது. இதை அறிவுக்கு வேலை இல்லாத பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு உடன்பாடு இல்லை. மூடிய 26 பெட்டிகளில் வெவ்வேறு தொகைகளை வைத்து, அவற்றைத் திறக்கத் திறக்க, தருவதை வாங்கிக்கொண்டு போவதா மேலும் ஆடுவதா என்று கேட்கும் 'டீல் ஆர் நோ டீல்' ஆட்டத்தைப் பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2008-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பெரிய தொகைகள் கைநழுவிய பிறகு போட்டியாளர்கள் எச்சரிக்கையாவதற்குப் பதிலாக மேலும் துணிந்து ஆடினார்கள் என்பது அதில் கண்ட ஒன்று. விட்டதைப் பிடிக்கும் வெறி என்று நாம் சொல்வதுதான் அது. ஆய்வகத்தில் அவ்வளவு பணத்தை வைத்து யாரால் சோதிக்க முடியும்?

கூர்ந்து பார்க்கும் ரசிகருக்கு இந்த வகை தந்த மிகப் பெரிய பரிசு 1984-இல் வந்தது. அமெரிக்காவின் 'பிரஸ் யுவர் லக்' நிகழ்ச்சியில் பலகையைச் சுற்றி விளக்குகள் தாறுமாறாக ஓடுவதுபோல் தோன்றும். போட்டியாளர் பொத்தானை அழுத்தும்போது விளக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதுவே அவருக்கு. மைக்கேல் லார்சன் வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவு செய்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அந்த ஓட்டத்தில் ஐந்தே ஐந்து வரிசைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டுபிடித்தார். பிறகு போட்டியாளராகப் போய் 1,10,237 டாலர் மதிப்புள்ள பணமும் பரிசும் வென்றார். அவர் விதி எதையும் மீறவில்லை. பணத்தைக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

ஆனாலும் இவ்வகை சீக்கிரம் வற்றிப் போகும். முடிவு தெரிந்த பெட்டியை மறுபடி திறந்து பார்ப்பதில் ஒன்றும் இல்லை. சிறுவர்களும் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து கூச்சல் போட இதைப்போல வேறொன்று கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கேள்விக்கு விடை தெரியாதவர் என்று இந்த அறையில் யாரும் இல்லை.

3. இரவு நேர அரட்டை

மேசைக்குப் பின்னால் ஒருவர், பக்கத்து நாற்காலியில் விருந்தினர், ஓரத்தில் இசைக்குழு. 1954-இல் தொடங்கிய அமெரிக்காவின் 'டுநைட் ஷோ' இந்த உருவத்தை நிலைநாட்டியது. ஜானி கார்சன் 1962 முதல் 1992 வரை முப்பது ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தார். இங்கே நீங்கள் பார்ப்பது விருந்தினரை அல்ல, தொகுப்பாளரைத்தான். விருந்தினர்கள் மாறுவார்கள்; அவர் உங்கள் வீட்டு ஆள்போல் தினமும் வருவார். களைத்த இரவில் ஒரு பழகிய குரல் வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு ஆறுதல் என்பதைத் தனியாக இருந்தவர்கள் அறிவார்கள். அந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

நேரத்தைப் பொறுத்தவரை இதுதான் மிகவும் இளகிய வகை. நடுவில் எழுந்து போகலாம், பாத்திரம் கழுவலாம், பாதியில் தூங்கியும் விடலாம். ஆனால் பேச்சின் பெரும்பகுதி முன்பே பேசிப் பார்த்தது. நிகழ்ச்சிக் குழுவினர் விருந்தினரிடம் முன்னோட்டமாகப் பேசி, எந்தக் கதை எடுபடும் என்று குறித்துவைப்பார்கள். மேடையில் அந்தக் கதைக்குத் தோதான கேள்வி வரும். விருந்தினர் பெரும்பாலும் வெளிவரவிருக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லவே வந்திருக்கிறார். ஆகவே கேளிக்கையின் பெயரில் விளம்பரத்தையும் சேர்த்தே பார்க்கிறோம். அன்றைய செய்தியை வைத்துச் சொன்ன நகைச்சுவை அடுத்த மாதமே புரியாமல் போய்விடும். இரவு தாண்டிவிட்டால் இதைத் தேடிப் பார்க்க அவசியம் இல்லை.

4. நீண்ட நேர்காணல்

நான்கில் எனக்கு மிகவும் வேண்டியது எது என்றால் தயங்காமல் இதைச் சொல்வேன். அதனால் என் சார்பைக் கழித்துக்கொண்டே படியுங்கள்.

1959 முதல் 1962 வரை பிபிசியில் 'ஃபேஸ் டு ஃபேஸ்' என்ற நிகழ்ச்சி வந்தது. கேள்வி கேட்டவர் ஜான் ஃப்ரீமன். அவர் முகம் திரையில் தெரிவது அரிது. கேமரா விருந்தினரின் முகத்தை மிக அருகில் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். உளவியலாளர் யுங், மார்ட்டின் லூதர் கிங் போன்றோர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். 1960-இல் கில்பர்ட் ஹார்டிங் வந்தார். அவர் விளையாட்டு நிகழ்ச்சி நட்சத்திரம். வந்தவரின் தொழிலைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் 'வாட்ஸ் மை லைன்' ஆட்டத்தில் கேள்வி கேட்போர் வரிசையில் உட்கார்ந்து, தன் சிடுசிடுப்புக்காகவே பிரிட்டன் முழுவதும் பெயர் பெற்றவர். மரணம் பற்றிய ஒரு கேள்வி வந்தது. தன் தாயின் மறைவை நினைத்து அவர் கண்கள் கலங்கின, குரல் உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்துபோனார்.

ஒரே மனிதர்தான். அந்த ஆட்டத்தில் அவர் பல ஆண்டுகள் கேள்வி கேட்டார், நாடு சிரித்தது. இந்த நாற்காலியில் ஒரு கேள்விக்கு அவர் தடுமாறினார். அது இன்றும் பேசப்படுகிறது. இரண்டு வகைகளும் என்னென்ன தர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டுமா என்ற உறுத்தலும் கூடவே வருகிறது. நேர்காணலைப் பார்ப்பவர் இந்த உறுத்தலையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார்.

இனி நிக்சன், முறைகேடு அம்பலமாகிப் பதவி விலகிய அந்த அமெரிக்க அதிபர். 1977-இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியாளர் டேவிட் ஃப்ராஸ்ட் அவரைப் பல நாட்கள் உட்காரவைத்துப் பேசினார். பதிவானது ஏறத்தாழ 29 மணி நேரம். முதலில் ஒளிபரப்பானது நான்கு பகுதிகள். அதிபர் செய்தால் அது சட்டவிரோதம் ஆகாது என்ற பொருளில் நிக்சன் சொன்ன பதில் அங்கேதான் வந்தது. மில்லியனர் மேடையில் 'நிக்சன்' என்பது நான்கு விடைகளில் ஒன்று. சொன்ன நொடியில் ஆட்டம் முடிந்தது. இங்கே அதே பெயருக்கு உரியவர் எத்தனை மணி நேரம் பேசியும் கேள்வி முடியவில்லை. ஆனால் இதிலும் மறைந்த ஒரு செலவு உண்டு: அந்த நேர்காணலுக்கு நிக்சனுக்கு ஆறு லட்சம் டாலர் பேசப்பட்டிருந்தது. யார் பணம் கொடுத்தார்கள், எவ்வளவு வெட்டப்பட்டது என்று கேட்டுக்கொண்டே பார்க்க வேண்டிய வகை இது.

வெட்டப்படாத பேச்சின் அருமையை அறிய ஜப்பானின் 'தெத்சுகோவின் அறை'யைச் சொல்லலாம். தெத்சுகோ குரோயானகி 1976-இல் தொடங்கி, வாரநாட்களில் விருந்தினர்களோடு பேசி வருகிறார். பதிவு செய்ததைக் கத்தரிக்காமல் ஒளிபரப்புவது அந்த நிகழ்ச்சியின் வழக்கம். தயக்கமும் தடுமாற்றமும் அப்படியே இருக்கும்.

நீண்ட நேர்காணலுக்கு உங்கள் முழுக் கவனமும் வேண்டும். கைபேசியை எடுத்தால் போச்சு. அந்த ஒரு தயக்கம் அப்போதுதான் நடந்திருக்கும். கூட்டமாகப் பார்க்க இது ஏற்றதல்ல. ஒருவர் இடையில் கருத்துச் சொன்னாலும் இழை அறுந்துவிடும்.

ஒரு பார்வையில்

| அளவுகோல் | வினாடி வினா | பரிசு ஆட்டம் | இரவு அரட்டை | நீண்ட நேர்காணல் |
|---|---|---|---|---|
| பார்ப்பவரின் வேலை | போட்டியாளரோடு ஆடுவது | ஊகிப்பது, ஆரவாரம் | சும்மா இருப்பது | காதுகொடுப்பது |
| நடுவில் எழுந்தால் | சில கேள்விகள் போகும் | பெரிய இழப்பில்லை | இழப்பே இல்லை | இழை அறும் |
| பழையதானால் | விடை மறந்திருந்தால் சுவைக்கும் | சுவைக்காது | பெரும்பாலும் சுவைக்காது | சுவை கூடும் |
| யாரோடு | இரண்டு மூன்று பேர் | வீடு முழுதும் | தனியாக, களைப்பாக | தனியாக, விழிப்பாக |
| மறைந்த செலவு | இழுத்தடிப்பு, மோசடி அழைப்புகள் | விட்டதைப் பிடிக்கும் ஆசை | ஒளிந்த விளம்பரம் | மன பாரம் |

நான் பட்டியலில் சேர்க்காத ஒன்று

குடும்பச் சண்டையை மேடையேற்றி, கூட்டத்தின் முன் ஒருவரைத் தலைகுனிய வைக்கும் பேச்சு நிகழ்ச்சியை ஐந்தாவது தேர்வாகக்கூட நான் வைக்கவில்லை. பிரிட்டனில் 2005 முதல் ஓடிய 'ஜெரெமி கைல் ஷோ' 2019 மே மாதம் நிறுத்தப்பட்டது. அதில் பங்கேற்ற ஒருவர், பதிவு முடிந்த சில நாட்களில் இறந்துபோனார். அமெரிக்காவில் 1995-இல் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றின் பதிவுக்குப் பின் ஒரு கொலையே நடந்தது. இப்படிப்பட்டவை விறுவிறுப்பாகத்தான் இருக்கும். அந்த விறுவிறுப்புக்கான விலையைக் கொடுப்பவர் மேடையில் நிற்பவர், நாம் அல்ல. அதற்காகவே பார்க்கமாட்டேன்.

எப்போது எது?

வேலை முடிந்து வந்த உடனே, மூளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது வினாடி வினா பொருந்தும். அலுவலகத்தில் முடியாமல் நின்ற யோசனைகளை அது துடைத்துவிடும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தாலும் இதையே சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு: தவறான விடை சொன்னால் சிரிக்கக் கூடாது. சிரிப்பு தொடங்கிய வீட்டில் பிள்ளை விடை சொல்வதை நிறுத்திவிடும்.

விருந்தினர் வந்திருக்கிறார்கள், பேசுவதற்கு ஒன்றும் இல்லை என்றால் பரிசு ஆட்டம். தூக்கம் வராத இரவில் அரட்டை. சத்தத்தைக் குறைத்து வைத்தாலே போதும்.

நேர்காணலுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்குங்கள். தினமும் பார்த்தால் மனம் தடித்துவிடும். எல்லோருடைய கண்ணீரும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கும், அது நல்லதல்ல. அன்றைய தினம் நேரலையாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் இல்லை. அறுபது ஆண்டு பழைய நேர்காணலும் நேற்று எடுத்ததுபோல் இருக்கும். வினாடி வினாவைப் பழையதாகப் பார்த்தால், தலைநகரங்களும் சாதனைகளும் மாறிப்போய், சரியான விடை தவறாகியிருக்கும்.

அதனால் ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவருக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி வினாடி வினா, மீதி அரை மணியில் வேறு எதுவும் வேண்டாம். விடை தெரியாத ஒரு கேள்வியைத் தேடிப் படியுங்கள். ஆறாம் நாள் முழு மணி நேரமும் ஒரே ஒரு நேர்காணல், தனியாக. ஏழாம் நாள் வீட்டில் யார் ரிமோட்டைப் பிடித்திருக்கிறார்களோ அவர்கள் விருப்பம்.

இரண்டு வாரம் இப்படிப் பார்த்த பிறகும் முடிவுக்கு வர முடியவில்லை என்றால், கேள்வி வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கவனியுங்கள். உதடு தானாக விடையை முணுமுணுக்கிறதா, அல்லது செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோகிறதா? எனக்கு வாரநாட்களில் விரல் தொடைக்குப் போகிறது. சனிக்கிழமை இரவுகளில் கை நின்றுவிடுகிறது.